பயிற்சியும் வாய்ப்பும் - சார்லி சாப்ளின் கலைவாழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்துங்கால் நகையை முதற்கண் வைத்தார். அதனையடுத்து அழுகையை வைத்தார். நகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. அழுகைக்குரியன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. இப்பகுப்பின்படி வறுமை அழுகையின்பாற்பட்டது. அவ்வறுமையையே நகைக்கு நிலைக்களனாக்கி உலக மக்களைச் சிரிக்க வைத்த ஒருவர் கடந்த நூற்றாண்டில் வாழ்ந்தார். பசிக்குத் தம் காலணியை வேகவைத்து, ஆணிகளைக் கோழி எலும்பெனச் சப்பி உண்ணும் அவருடைய காட்சியைக் கண்டு சிரியாதவர் இலர். 1925 இல் வெளிவந்த 'தி கோல்டு ரஷ்' என்னும் அப்படத்தை எடுத்த சார்லி சாப்ளின், இளமையில் உண்மையாகவே பசித்திருந்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

பிறரைப் புன்முறுவலோடு நோக்குவதும் ஓர் அறமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்மொழி. பிறரைப் புன்முறுவல் கொள்ளச் செய்வது அதனினும் அரிய செயல். அவ்வரிய செயலைச் செய்வாரைப் பற்றி நம்மிடையே இரண்டு கூற்றுகள் வழங்குகின்றன. ஒருவர் மேடையேறிச் சில சொற்கள் சொன்ன அளவில் அவையோர் நகைத்தால், 'இஃது இவருக்குப் பிறவியிலேயே அமைந்தது' என்கிறோம். அவரே பின்னர்ப் புகழும் பொருளும் எய்தினால், 'நல்ல நேரம் வந்தது' என்கிறோம். முதற்கூற்று பயிற்சியை மறைக்கிறது. பிற்கூற்று வாய்ப்பை வெறும் ஊழாக்கிவிடுகிறது. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தவரே. ஆயினும் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். காலத்தை அறிதலும் இடையறாது முயலுதலும் ஒன்றல்ல என்பது அவர் கருத்தாதல் வேண்டும். இவ்விரண்டும் ஒரு நகைச்சுவைக் கலைஞரின் வாழ்வில் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன என்பதே நாம் காணப் புகும் பொருள்.

சாப்ளினை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் அவர்தம் புகழ் மட்டுமன்று. 1964 இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவர் தம் தோல்விகளையும் எழுதி வைத்தார். அவர் எழுதாது விட்டவற்றை, அவர் ஒதுக்கிய படச்சுருள்கள் காட்டிக்கொடுத்தன. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

சாளரமே பள்ளி

சாப்ளின் 1889 ஏப்ரல் 16 ஆம் நாள் பிறந்தார்; தென்லண்டனில் வளர்ந்தார். தாய் ஹன்னா, தந்தை சார்லஸ் இருவரும் இசையரங்குப் பாடகர்கள். தந்தை குடிப்பழக்கத்தால் குடும்பத்தைக் கைவிட்டார். 1901 இல் மறைந்தார். தாயோ குரலும் பின்னர் மனநலமும் இழந்தார். 1896 இல் ஏழு வயதுச் சிறுவனும் அண்ணன் சிட்னியும் தாயோடு லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டனர்.

இச்சூழலில் பயிற்சி எங்கிருந்து வந்தது? வீட்டுச் சாளரத்திலிருந்து வந்தது. ஹன்னா சாளரத்தருகே அமர்ந்து தெருவிற் போவோர் வருவோரை உற்று நோக்குவார். அவர்தம் நடையையும் முகக்குறிப்பையும் அப்படியே நடித்துக் காட்டுவார். இன்னார் இன்ன மனநிலையில் போகிறார் என்றும் ஊகித்துரைப்பார். மனிதரை உற்று நோக்கக் கற்றது தாயிடமே என்று சாப்ளின் பிற்காலத்தில் நன்றியோடு குறித்துள்ளார். உலகறிந்த அந்தக் கோணல் நடையும் இளமையிற் கண்டதே. கென்னிங்டன் பகுதியில் மதுக்கடை வாயிலில் குதிரைகளைப் பிடித்து நிற்கும் முதியவர் ஒருவர் கால்நோவினால் அவ்வாறு நடந்தார். சிறுவன் அதைப் பார்த்தான், நடந்து பழகினான். அந்நடை பயன்பட இருபது ஆண்டளவு காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் மேடை ஐந்தாம் வயதில், ஆல்டர்ஷாட் என்னும் படைவீரர் நகரில் வாய்த்தது. பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் உடைந்தது. வீரர்கள் கூச்சலிட்டனர். மேடைப் பொறுப்பாளர் செய்வதறியாது சிறுவனைக் கைப்பற்றி மேடையில் விட்டார். சிறுவன் பாடினான், காசுகள் வந்து விழுந்தன. பாட்டை நிறுத்திவிட்டு, 'முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன்' என்னும் பொருள்பட அறிவித்தான். அரங்கம் அதிர்ந்தது. தாயின் குரல் உடைந்ததையும் அறியாப் பருவத்தில் அப்படியே பாடிக் காட்டினான், அதற்கும் சிரித்தனர். பேதைமை நிலைக்களனாக நகை தோன்றிய இடம் இது. மகனின் முதல் மேடை தாயின் இறுதி மேடைகளுள் ஒன்றாக அமைந்தமையின், இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் நமக்குச் சிரிப்பு முழுமையாக வருவதில்லை.

பின்னர் 'எட்டு லங்காஷயர் சிறுவர்' என்னும் குழுவில் மரக்காலணி நடனம் பயின்றார். பதினான்காம் வயதில், 1903 இல், 'ஷெர்லாக் ஹோம்ஸ்' நாடகத்தில் பில்லி என்னும் ஏவற்சிறுவன் வேடம் கிடைத்தது. அவருக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிப்பதே கடினம். அதற்கு முன் நடிக்க வேண்டிய மற்றொரு நாடகத்தின் படியைக் கையில் கொடுத்தபோது, அங்கேயே படித்துக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சியதாக எழுதுகிறார். வீட்டில் சிட்னி படித்துச் சொல்ல, மூன்றே நாளில் முழுதும் மனப்பாடம் செய்தார். அண்ணன் இல்லையெனில் அவ்வேடம் கைநழுவியிருக்கக்கூடும். வாய்ப்பு என்று நாம் கூறுவதில் உடனிருந்து கைகொடுத்த ஒருவரின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. இதனை ஆய்வாளர் பலர் போதிய அளவு கருதுவதில்லை.

பயிலாது பெற்ற மேடை

பதினெட்டு வயதை ஒட்டிய காலத்தில் சாப்ளினுக்குத் தனியாக ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் வாய்ப்புக் கிட்டியது. இடம் கிழக்கு லண்டனில் ஃபாரஸ்டர்ஸ் இசையரங்கு. யூத நகைச்சுவையாளர் போல ஒட்டுத்தாடியுடன் தோன்றி, அமெரிக்கத் துணுக்கு நூலொன்றிலிருந்து எடுத்த நகைச்சுவைகளை உரைத்தார். அரங்கம் இருந்ததோ யூதர் மிகுந்து வாழும் பகுதி. துணுக்குகள் பழையன, உச்சரிப்பும் பொருந்தவில்லை. முதலில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னர்க் காசுகளும் ஆரஞ்சுத் தோலும் மேடைக்குப் பறந்தன. ஒப்பனையைக் கலைத்துவிட்டு வெளியேறிய அவர் அவ்வரங்கிற்குத் திரும்பவில்லை. தம் இசைக்குறிப்பு ஏடுகளைப் பெற்றுவரவும் செல்லவில்லை.

ஐந்து வயதில் எறியப்பட்ட காசு பாராட்டு. இங்கு எறியப்பட்ட காசு இகழ்ச்சி. காசு ஒன்றே, மேடையும் மேடையே. வாய்ப்பு இருந்தது; அதற்குரிய பயிற்சி இல்லை. பயிற்சி என்னும்போது மேடைக்கூச்சம் போக்குதலை நாம் கருதவில்லை. அது அவருக்கு ஐந்து வயதிலேயே போயிற்று. எதிரே அமர்ந்திருப்போர் யாவர், அவர்க்கு எது நகை, எது புண் என்றறியும் அறிவே இங்கு இல்லாதிருந்தது. சொல்லால் சிரிக்க வைக்கும் துறை தமக்குரியதன்று என்பதையும் அவர் அங்கே உணர்ந்திருக்கலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பேசும்படம் வந்தபோது அவர் காட்டிய தயக்கத்திற்கு இந்த இரவும் ஒரு காரணமோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

கார்னோவின் பட்டறை

அந்நாளில் இங்கிலாந்தில் பிரெட் கார்னோ என்பார் பல நகைச்சுவைக் குழுக்களை ஒரே காலத்தில் நடத்தி வந்தார். சிட்னி 1906 இல் அதில் சேர்ந்தார். தம்பிக்காக முதலாளியிடம் பலகால் பரிந்துரைத்தார். 1908 இல் சாப்ளின் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கார்னோவுக்கு முதலில் இவர்மீது நம்பிக்கையில்லை. மெலிந்து, கூச்சமுடையவராய்த் தோன்றினார். 'கால்பந்தாட்டம்' என்னும் குறுநாடகத்தில் முதல் இரவே, அவைக்கு முதுகு காட்டியபடி மேடைக்கு வந்து, திடீரெனத் திரும்பிச் சிவந்த மூக்கைக் காட்டிச் சிரிப்பை எழுப்பினார்.

கார்னோவின் குறுநாடகங்கள் பெரும்பாலும் சொல்லை நம்பாமல் உடலை நம்பியவை. ஒருவர் அடிக்க ஓங்கும் கணமும் மற்றவர் குனியும் கணமும் இம்மியும் பிசகாதிருக்க வேண்டும். பிசகினால் நகை போய் அடி விழும். ஆகவே ஒரே நாடகத்தை மாதக்கணக்கில், ஊர் ஊராக, இரவுதோறும் நடித்தனர். நம் நாட்டுப் பாய்ஸ் கம்பெனிகளின் வரலாறு அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. 'மம்மிங் பேர்ட்ஸ்' என்னும் குறுநாடகத்தில், அரங்கின் மாடத்தில் அமர்ந்து ஆட்டத்தைக் குலைக்கும் செல்வக் குடிகாரன் வேடம் சாப்ளினுக்கு அமைந்தது. அதனை அவர் எத்தனை நூறு முறை நடித்தாரோ!

1910 இல் குழுவொன்று அமெரிக்காவிற்குக் கப்பலேறியது. அதில் சாப்ளினுக்கு மாற்று நடிகராகச் சென்றவர் ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன் என்னும் இளைஞர். இவரே பின்னாளில் ஸ்டான் லாரல் எனப் புகழ்பெற்றவர். இருவரும் ஒரே அறையில் தங்கியதுண்டு. சமைக்கக்கூடாத அவ்வறையில் லாரல் எரிவாயு விளக்கில் இறைச்சி வறுக்க, அவ்வோசை வெளியே கேளாதவாறு சாப்ளின் வயலின் வாசிப்பாராம். லாரல் பிற்காலத்தில் இதனை நகைபட நினைவுகூர்ந்துள்ளார்.

இவ்விடத்தில் நம் ஆய்வுக்குரிய வினா கூர்மையடைகிறது. இருவரும் இங்கிலாந்தினர்; வயதில் ஓராண்டளவே வேறுபாடு; ஒரே ஆசான்; ஒரே வேடத்தை ஒருவருக்கு மாற்றாக மற்றவர் பயின்றவர். பயிற்சி மட்டுமே வெற்றியைத் தருமாயின் இருவரும் உடனொத்து உயர்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு.

பெயர் பிழையாக வந்த தந்தி

1913 இல் குழு பிலடெல்பியாவில் ஆடிக்கொண்டிருந்தபோது, 'சாஃபின்' அல்லது அதுபோன்ற பெயருடையார் எவரேனும் உளரோ என்று வினவி ஒரு தந்தி வந்தது. அமெரிக்காவில் உறவினர் எவரேனும் சொத்து வைத்துப் போயினரோ என்று மகிழ்ந்து சாப்ளின் நியூயார்க் சென்றார். அங்கே காத்திருந்தது கீஸ்டோன் படநிறுவனத்தின் அழைப்பு. அந்நிறுவனத்தின் முன்னணி நகைச்சுவை நடிகர் ஃபோர்டு ஸ்டெர்லிங் விலகும் நிலையிலிருந்தார். அவரிடத்திற்கு ஆள் வேண்டியிருந்தது. நிறுவனத்தார் கண்டு வியந்தது அந்தக் குடிகாரன் வேடத்தை. வாரம் 150 டாலர் ஊதியத்தில் அவர் ஒப்பந்தமானார்.

சாப்ளின் போனபின் அமெரிக்காவிலிருந்த கார்னோ குழு நிலைக்கவில்லை. லாரல் சிறுசிறு மேடைகளில் உழன்றார். ஒரு கட்டத்தில் சாப்ளினைப் போலவே வேடமிட்டு நடித்துப் பிழைத்தார் என்பது எண்ணுந்தோறும் வருத்துவது. ஆலிவர் ஹார்டியோடு இணைந்து அவர் உலகப்புகழ் எய்தியது 1927 ஐ ஒட்டியே. பயிற்சி வீண்போகவில்லை, பதினான்கு ஆண்டுகள் வாயிலில் நின்றது. அவ்வாறு நின்று உள்ளே புகாமலே மறைந்த கார்னோ நடிகர்கள் எத்தனையோ பேர். திறமையிருந்தால் வாய்ப்புத் தானே தேடிவரும் என்று கூறுவோர் அவர்களை எண்ணுவதில்லை. பெயர் அறியாமையால் எண்ணவும் இயலாது.

இனி, வாய்ப்புக் கிட்டியவுடன் சாப்ளின் வென்றுவிட்டாரா? இல்லை. முதலாளி மாக் சென்னட் அவரை ஒப்பனையின்றிக் கண்டதும், 'மிக இளையவராக இருக்கிறீரே' என்று தயங்கினார். 1914 பிப்ரவரி 2 இல் வெளியான முதற்படம் 'மேக்கிங் எ லிவிங்' சாப்ளினுக்கே பிடிக்கவில்லை. தம் நகைச்சுவைகளை இயக்குநர் வெட்டிச் சிதைத்ததாக அவர் குறைப்பட்டார். கீஸ்டோனில் ஓட்டமும் துரத்தலுமே நகைச்சுவை. கார்னோ கற்பித்ததோ நிதானம். மேடையில் நூறு முறை செய்து மெருகேற்றியதைக் காட்ட இங்கே நேரமேயில்லை.

அப்போதுதான் அந்த வேடம் பிறந்தது. தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேற்சட்டை, பெரிய காலணி, சிறிய தொப்பி, கைப்பிரம்பு; இளமையை மறைக்க ஒரு சிறு மீசை. கென்னிங்டன் முதியவரின் நடை இதனோடு வந்து பொருந்திற்று. அவ்வேடத்தில் மக்கள் முதலில் அவரைக் கண்டது அவ்வாண்டு பிப்ரவரி 7 இல் வெளியான 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்' என்னும் குறும்படத்தில். சிறுவர் வண்டிப் பந்தயம் நடக்கும் இடத்தில், படக்கருவியின் முன் மீண்டும் மீண்டும் வந்து நின்று தொல்லை தருவதே கதை. கூடியிருந்தோர் உண்மைப் பொதுமக்கள். இவர் யாரென்றறியாது விழிக்கின்றனர், சிலர் சிரிக்கின்றனர். தேடிவந்த வாய்ப்பு என்பதைவிட, வாய்ப்பின் கண்முன் தாமே போய் நின்ற ஒருவரின் காட்சி என இதனைக் கூறத் தோன்றுகிறது.

இயக்குநர்களோடு பிணக்கு முற்றி, வேலை போகும் நிலை வந்தது. அவ்வேளையில் நியூயார்க்கிலிருந்து 'சாப்ளின் படங்கள் இன்னும் வேண்டும்' என்று வந்த செய்தி அவரைக் காத்தது. தாமே இயக்க இசைவு கேட்டார். படம் விற்காவிடில் இழப்பை ஈடுசெய்யத் தம் சேமிப்பில் 1500 டாலரைப் பிணையாக வைக்கவும் முன்வந்தார். பசியறிந்த ஒருவர் தம் சேமிப்பை முன்வைத்தது சிறு செயலன்று. 1914 ஆம் ஓராண்டில் மட்டும் 36 கீஸ்டோன் படங்களில் தோன்றினார். இவற்றுள் ஒன்று தொலைந்ததாகக் கிடந்து 2010 இல் கண்டெடுக்கப்பட்டது.

வாய்ப்பே பயிற்சியாதல்

மறு ஆண்டு எஸ்ஸனே நிறுவனத்தில் வாரம் 1250 டாலர். 1916 இல் மியூச்சுவல் நிறுவனத்தில் வாரம் 10,000 டாலர். இத்தொகைகளைக் கூறி வியப்பாரே பலர். நாம் வியப்பது வேறொன்றை. பணத்தோடு அவர் கேட்டுப் பெற்றது காலம். கீஸ்டோனில் வாரத்திற்கொரு படம் என்னும் விரைவு; மியூச்சுவலில் பன்னிரண்டு படங்களுக்கு ஒன்றரை ஆண்டளவு; 1918 இல் சொந்தப் படப்பிடிப்பு வளாகம்; 1919 இல் நண்பர் மூவரோடு தொடங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். ஒவ்வொரு படியிலும் அவருடைய வேகம் குறைந்துகொண்டே வந்தது.

அக்காலத்தை என் செய்தார் என்பதை உலகம் அறிந்தது 1983 இல். கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் என்னும் இருவர், மியூச்சுவல் காலத்து ஒதுக்கப்பட்ட படச்சுருள்களை வரிசைப்படுத்தி 'அன்னோன் சாப்ளின்' என்னும் தொலைக்காட்சித் தொடராக அளித்தனர். சாப்ளின் ஒத்திகையையே படமாக எடுத்துப் பார்த்துத் திருத்தினார் என்பது அதனால் வெளிப்பட்டது. 1917 இல் வந்த 'தி கியூர்' படத்தில் அவர் முதலில் மருத்துவ விடுதியின் பணியாளாக நடித்துப் பல சுருள்கள் எடுத்தார். நகை முழுமையாக எழவில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு, தாமே குடிகார விருந்தினராக மாறினார். கார்னோ மேடையில் பயின்ற பழைய வேடம் கைகொடுத்தது. அதே ஆண்டின் 'தி இமிகிரன்ட்' படம் ஓர் உணவகக் காட்சியாகத்தான் தொடங்கியது. பரிமாறுபவராக முதலில் நடித்தவரை மாற்றி, பேருருவினரான எரிக் கேம்ப்பெல்லை அமர்த்தி எல்லாவற்றையும் மீண்டும் எடுத்தார். கையில் காசில்லாத இவ்விருவரும் எங்கிருந்து வந்தனர் என்னும் வினா பின்னரே எழுந்தது. அதற்கு விடையாகக் கப்பற் காட்சிகள் உருவாயின. முடிந்த படத்தில் கப்பலே முதலில் வருகிறது. பார்ப்பவர்க்கு எல்லாம் இயல்பாகவே தோன்றும்.

இம்முறையின் எல்லை 1931 இல் வெளிவந்த 'சிட்டி லைட்ஸ்'. கண்ணிழந்த பூக்காரப் பெண் ஏழையைச் செல்வனென்று எண்ண வேண்டும். ஊமைப்படத்தில் இதனை எவ்வாறு காட்டுவது? வழி தோன்றாமல் அக்காட்சியை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் எடுத்தார். 342 முறை என்பது கின்னஸ் பதிவு. விடை மிக எளிது. நெரிசலைக் கடக்க அவர் ஒரு காரின் உள்ளே புகுந்து மறுகதவு வழியாக இறங்குகிறார்; கதவு மூடும் ஓசையைக் கேட்ட அப்பெண், காரில் வந்தவரென்று எண்ணிப் பூவை நீட்டுகிறாள். வேறெந்த நிறுவனத்தில் கூலிக்கு நடித்திருந்தாலும் பத்தாம் முறையோடு கருவியை மூடியிருப்பர். வாய்ப்புப் பெற்றபின் பயிற்சி முடிகிறது என்பது பொதுக்கருத்து. இங்கோ, பயில்வதற்கான உரிமையே வாய்ப்பாகியிருக்கிறது.

இதன் மறுதலையைக் காட்ட பஸ்டர் கீட்டனைக் கூறுதல் போதும். பெற்றோரோடு குழந்தைப் பருவத்திலேயே மேடையில் தூக்கியெறியப்பட்டு, அடிபடாமல் விழக் கற்றவர் அவர். 1917 இல் திரைக்கு வந்தார். 1926 இல் 'தி ஜெனரல்' எடுத்தார். பயிற்சியில் சாப்ளினுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர். சிலர் மேலானவர் என்பர், நாமும் மறுக்கத் துணியோம். 1928 இல் தம் சொந்த அமைப்பை விட்டு எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமானார். அங்கே கதை முன்கூட்டி எழுதி முடிக்கப்பட்டது; படப்பிடிப்பிடத்தில் முயன்று பார்க்கும் உரிமை போயிற்று. ஊதியம் இருந்தது, படங்களும் ஓடின, கலை நின்றது. குடியும் சேர்ந்துகொள்ள, 1933 இல் நீக்கப்பட்டார். அவ்வொப்பந்தத்தைத் தம் வாழ்வின் பெரும்பிழை என்று அவர் பின்னர்க் கூறினார்.

1952 இல் சாப்ளின் 'லைம்லைட்' என்னும் படத்தை எடுத்தார். சிரிக்க வைக்கும் ஆற்றலை இழந்துவிட்டதாக அஞ்சும் ஒரு முதிய இசையரங்கு நகைச்சுவையாளரின் கதை. இடம், அவர் வளர்ந்த அதே லண்டன். இறுதிப் பகுதியில் இரு முதியவர்கள் மேடையேறுகின்றனர். வயலின் வைத்திருப்பவர் சாப்ளின். பியானோ முன் அமர்ந்திருப்பவர் கீட்டன். இருவரும் ஒரு படத்தில் சேர்ந்து நடித்தது அந்த ஒரு முறையே. கீட்டனின் இசைத்தாள்கள் நிற்காமல் சரிந்து விழுகின்றன. அவர் எடுத்து வைக்கிறார், மீண்டும் சரிகின்றன. சாப்ளினின் ஒரு கால் காற்சட்டைக்குள் குட்டையாகிக்கொண்டே போகிறது. சில மணித்துளிகள் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.